தேவாங்குக்கு ஒரு பக்கம்

உங்கள் வீட்டில் எட்டு, பத்து வயதில் ஒரு பிள்ளை இருந்தால், அதன் புத்தக அலமாரியை ஒரு நிமிஷம் திறந்து பாருங்கள். விலங்குகள் பற்றிய புத்தகம் கட்டாயம் ஒன்றாவது இருக்கும். வழவழ தாள், பளபள படங்கள். பனிக்கரடி, பெங்குவின், மூங்கில் கடிக்கும் பாண்டா, வயிற்றுப் பையில் குட்டியோடு கங்காரு... எல்லாம் ஆஜர். பனிக்கரடியின் ரோமத்துக்கு அடியில் தோல் என்ன நிறம் என்று கேளுங்கள். "கறுப்பு!" என்று பட்டென பதில் வரும். பெற்றவர்களுக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

இப்போது இன்னொரு கேள்வி கேளுங்கள். "தேவாங்கு தெரியுமா?"

தெரியும் என்றுதான் சொல்லும். ஆனால், புத்தகத்தில் படித்து அல்ல. நம் வாயிலிருந்து கேட்டு!

"என்னடா, தேவாங்கு மாதிரி முழிக்கிறே?"

"ஒழுங்கா சாப்பிடாம எப்படி தேவாங்கு மாதிரி ஆயிட்டா பாரு!"

நம் பிள்ளைகளுக்குத் தேவாங்கு ஒரு பிராணி இல்லை. வசவு!

வேறு ஊர்க்காரர்களை விடுங்கள். திண்டுக்கல்காரர்கள் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் சாலையில், வடமதுரை தாண்டினால் அய்யலூர். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். அதைச் சுற்றியுள்ள முள்காடுகளிலும் வேலியோரங்களிலும்தான் ராத்திரியானால் தேவாங்கு நடமாடுகிறது. உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழ்கிற இனம் அது. எடை கால் கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. குரங்குக்குத் தூரத்துச் சொந்தம். அந்த வகையில் நமக்கும் சொந்தம்!

1997, 98-ல் அன்னா நெகாரிஸ் என்ற ஆய்வாளர் வெளிநாட்டிலிருந்து அய்யலூருக்கு வந்து, மாதக்கணக்கில் ராத்திரி கண் விழித்து இந்தப் பிராணியைக் கவனித்தார். அவர் பதிவு செய்தவற்றைக் கேளுங்கள். தேவாங்கு, நினைத்த மாதிரி தனிமைச் சாமியார் இல்லை. பகலில் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு கும்பலாகத் தூங்கும். பூச்சிகள்தான் முக்கிய உணவு. குட்டி கொஞ்சம் வளர்ந்ததும், அம்மா அதை ஒரு கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போய்விடும். குட்டி அங்கேயே காத்திருக்கும். வேலைக்குப் போகிற எத்தனை அம்மாக்களின் கதை இது!

இவ்வளவும் அய்யலூரில் விளைந்த அறிவு. வெளியானது ஆங்கில ஆய்விதழ்களில். உலகம் படித்தது. அய்யலூர் அஞ்சாம் வகுப்புக்கு எட்டுகிற மொழியா அது? மல்லிகை இங்கே பூக்கிறது, மணம் மட்டும் ஏற்றுமதியாகிவிடுகிறது.

"சரி சார், பிள்ளை பனிக்கரடியைத் தெரிந்துகொண்டால் என்ன குற்றம்?" என்று கேட்பீர்கள்.

ஒரு குற்றமும் இல்லை. உலகம் முழுக்கப் பிள்ளையின் சொத்துதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பனிக்கரடியை நேசிக்க திண்டுக்கல்லில் யாருக்கும் எந்தச் செலவும் இல்லை. அது நம்மிடம் ஒன்றும் கேட்காது. தேவாங்கை நேசிப்பது அப்படி இல்லை. 'என் தூக்கத்துக்கு இந்த முள்மரத்தை விட்டுவை' என்று அது கேட்கும். 'ராத்திரி இந்த ரோட்டில் கொஞ்சம் மெதுவாகப் போ' என்று கேட்கும். 'என் கண்ணில் மந்திரம் இருக்கிறது என்று எவனாவது சொன்னால் நம்பாதே' என்று கேட்கும்.

தூரத்து நேசம் இனாம். பக்கத்து நேசம் பொறுப்பு. நாம் பிள்ளைக்கு வாங்கித் தருகிற புத்தகங்கள் எதைக் கற்றுத்தருகின்றன என்பது வெறும் பொது அறிவுப் பிரச்னை இல்லை. தர்மப் பிரச்னை.

இங்கேதான் இன்னொரு சங்கடமும் வருகிறது. மாந்திரீகம் என்றும் மருந்து என்றும் சொல்லி, கண்ணுக்காகவும் உடம்புக்காகவும் தேவாங்கைப் பிடித்துக் கொன்றிருக்கிறார்கள். இதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லலாமா? 'பாவம், பயந்துடும். பெரியவன் ஆனதும் தெரிஞ்சுக்கட்டும்' என்பது ஒரு கட்சி. 'உண்மை எதுவானாலும் உடைத்துச் சொல்' என்பது எதிர்க்கட்சி.

இரண்டு கட்சியிலும் பாதி நியாயம் இருக்கிறது. கொலைக் கதையை மட்டும் சொன்னால், பிள்ளைக்கு மிஞ்சுவது பயம்தான். அதுவரை பார்த்தேயிராத ஒன்றுக்காக எவ்வளவு நேரம் அழ முடியும்? கொடுமையை மறைத்து, பெரிய கண், குட்டி உடம்பு, அழகோ அழகு என்று மட்டும் எழுதினால் அது பொம்மைக்கடை விளம்பரம். ஆகவே வரிசை முக்கியம். முதலில் ஆச்சரியம், அப்புறம் பழக்கம், அதற்கப்புறம் துக்கம். கிளையில் அம்மாவுக்காகக் காத்திருக்கும் குட்டியை அறிந்த பிள்ளைக்கு, அந்த அம்மா திரும்பி வராமல் போகலாம் என்பதையும் சொல்லலாம். அந்த வேதனை பிள்ளையை உடைக்காது. மனுஷனாக்கும்.

பிள்ளைக்குத் தமிழில் அறிவியல் எதற்கு, கதை சொன்னால் போதாதா என்று இங்கே பலரும் நினைத்த காலத்திலேயே, பெ.நா.அப்புசாமி மின்சாரத்தைப் பற்றியும் வானத்தைப் பற்றியும் எளிய தமிழில் எழுதிக் குவித்தார். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் குழந்தைகளுக்கென்றே 10 தொகுதிகளில் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தது. 1987-ல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 'துளிர்' மாத இதழைத் தொடங்கியது. இவர்களுக்கெல்லாம் ஒரே நம்பிக்கைதான்: பிள்ளை என்றால் அரைகுறை உண்மை போதும் என்பதில்லை. முழு உண்மை வேண்டும், அதுவும் அதன் சொந்த மொழியில்.

அந்த நம்பிக்கையை நாம் எங்கே தொலைத்தோம்? "இதைப் படிச்சா மார்க் வருமா?" என்ற கேள்வியில்தான். புத்தகக் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பிள்ளை ஒரு பூச்சிப் புத்தகத்தை ஆசையாகப் புரட்டும். அப்பா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஆயிரம் கேள்வி பதில் புத்தகத்தைக் கையில் திணிப்பார். பூச்சி பரீட்சைக்கு வராதாம்!

2022 அக்டோபரில் தமிழக அரசு, திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவிலேயே முதல் சரணாலயம். வேடசந்தூர், நத்தம், திண்டுக்கல் கிழக்கு வட்டங்களின் பகுதிகள் அதில் வருகின்றன. நல்ல காரியம். ஆனால், கோடு கிழித்தது நாம். தேவாங்குக்குக் கோடு தெரியாது. சரணாலயத்துக்கு வெளியே வயல் வேலியிலும் தோட்டத்து மரத்திலும் அது ஏறி இறங்கும். அங்கே அதற்குக் காவல் யார்? இன்றைக்குப் பத்து வயதில் இருக்கிற பிள்ளைதான். நாளைக்கு அந்த வேலியை வெட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் விவசாயி அவன். அந்த வழியாக மின்கம்பி இழுக்கப்போகும் பொறியாளர் அவள். ரோடு போடும் கான்ட்ராக்டரும் அந்த வகுப்பிலேயே எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான்.

அடுத்த முறை திண்டுக்கல் புத்தகத் திருவிழாவுக்குப் பிள்ளையோடு போனால், ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஸ்டாலில் இருப்பவரிடம், "எங்க வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்ள வாழ்கிற ஏதாவது ஒரு உயிரைப் பத்தி, பிள்ளைங்க படிக்கிற மாதிரி தமிழ்ல புத்தகம் இருக்கா?" என்று கேளுங்கள். இருந்தால் வாங்குங்கள். இல்லை என்றால் சண்டை போட வேண்டாம். அடுத்த ஸ்டாலில் கேளுங்கள். அடுத்த வருஷமும் கேளுங்கள். கேட்கிறவர்கள் இருந்தால் எழுதுகிறவர்கள் வருவார்கள், அச்சடிக்கிறவர்களும் வருவார்கள்.

கேட்காமலே இருந்துவிட்டால்? ஒரு நாள் முள்காடு போகும். கூடவே அதுவும் போகும். அப்போதும் நம் வீடுகளில் தேவாங்கு என்ற பேர் இருக்கும், திட்டுவதற்கு மட்டும்.