நல்ல பையன்

2023-ல் ஒரு நாள் என் மேசையில் இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. பணம் ஒருவருக்குத்தான் போதும். எங்கள் துறையில் படித்துப் போன பழைய மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்த தொகை அது. ஒரு பருவக் கட்டணத்துக்கு மேல் வராது. ஒரு விண்ணப்பம் தளி பக்கத்திலிருந்து வரும் மாணவியுடையது, இன்னொன்று சூளகிரி பக்கத்து மாணவனுடையது. இருவரும் தலித் குடும்பத்துப் பிள்ளைகள். இருவர் வீட்டிலும் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. நான் பெண்ணின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். பையன் அடுத்த பருவம் வரவில்லை.

அவளுக்குக் கொடுத்ததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அந்த ஆண்டு படிப்பு நின்றிருந்தால் அவளுக்குக் கல்யாணம் முடிந்திருக்கும். மாப்பிள்ளை வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார்கள். அவனை விட்டதற்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம்தான் உறுத்துகிறது. பெண்ணியம் பேசுகிறவள் பெண்ணுக்குத்தான் முதலில் கொடுப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். நடந்தது வேறு. அவள் ஒரு ஃபைலில் எல்லாச் சான்றிதழ்களையும் வரிசையாக வைத்துக் கொண்டுவந்தாள். உட்காரச் சொன்னபிறகுதான் உட்கார்ந்தாள். அவன் இருபது நிமிடம் தாமதமாக வந்தான். முன்முடியில் செம்பட்டைச் சாயம், கையில் போன். நான் கேட்டதற்கெல்லாம் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னான். வருமானச் சான்றிதழ் எங்கே என்றால், “இ-சேவையில சர்வர் வரலைங்க மேடம்” என்றான். பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். முந்தைய இரவு அவன் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் மட்டும் மாற்றிப் போட்டிருப்பேனா?

இதில் என் வீட்டுக் கதையும் உண்டு. அண்ணனுக்கு இன்ஜினியரிங், எனக்குப் பக்கத்து ஊரில் ஏதாவது ஒரு பி.ஏ. என்று எங்கள் வீட்டில் முடிவானது. அவன் கட்டணத்துக்காக அப்பா ரோட்டோரத்து நிலத்தை விற்றார். அண்ணன் பதினோரு அரியர் வைத்தான். பொறுப்பில்லாதவன், எதிர்த்துப் பேசுகிறவன். ஆனாலும் நீ படிக்கத் தகுதியானவனா என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. நான் முனைவர் பட்டம் வரை ஏறிவந்த படிகளில் பாதி அந்தக் கோபத்தால் கட்டியவை. ஆண் பிள்ளைக்குப் பணம் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குள் அந்த நிலம் விற்ற நாள்தான் எழும்பும். அன்று என் எதிரே உட்கார்ந்திருந்த பையனின் முகத்தில் நான் பார்த்தது என் அண்ணனை. எங்கள் வீட்டில் விற்பதற்கு நிலம் இருந்தது. அவன் வீட்டில் இல்லை. நாங்கள் நிலமுள்ள சாதி, அவர்கள் எங்களைப் போன்றவர்களின் நிலத்தில் வேலை செய்தவர்கள். ‘ஆண்’ என்ற ஒரே சொல்லுக்குள் இருவரையும் அடைத்துவிட்டேன்.

ஓசூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்தப் பையன்களைத் தெரியும். காலையில் கம்பெனிப் பேருந்துகள் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை என்று போய்ப் பெண்பிள்ளைகளை ஏற்றி வருகின்றன. போச்சம்பள்ளியில் ஓலாவின் ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-ல் அறிவித்தார்கள். பெண் சொன்ன பேச்சைக் கேட்பாள், சங்கம் வைக்கமாட்டாள் என்ற கணக்கும் அந்த வரவேற்பில் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். பையன்கள் கான்ட்ராக்டில் லோடு ஏற்றுகிறார்கள், ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று கிடங்குகளுக்குப் போகிறார்கள், பெங்களூரில் பையை மாட்டிக்கொண்டு சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பதினெட்டு வயதில் கையில் காசு. இருபத்தைந்திலும் ஏறக்குறைய அதே காசு. “பசங்க உருப்படமாட்டானுங்க” என்பது எங்கள் ஆசிரியர் அறையின் நிரந்தர வசனம். அந்த வசனம் எல்லாப் பையன்கள் மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதை நான் கவனிக்கவே பல ஆண்டுகள் ஆயின.

2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் தலித் வீடுகளை எரித்தார்கள். கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது; எங்களுக்கு அது தூரத்துச் செய்தி அல்ல. அந்த நாட்களில் மேடைகளில் திரும்பத் திரும்பக் கேட்ட குற்றச்சாட்டு நினைவிருக்கும்: ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள். அந்தப் பெண்களைக் காப்பதாகச் சொன்ன பேச்சு அது. 2018 நவம்பரில் ஓசூர் அருகே சாதி மீறி மணந்துகொண்ட இருவரின் உடல்கள் காவிரியில் கிடைத்தபோது, அதில் ஒன்று அந்தப் பெண்ணுடையது. மேடைப் பேச்சைக் கேட்டுக் கொதித்தவள்தான் நானும். இருந்தும் என் மேசைக்கு எதிரே செம்பட்டை முடியைப் பார்த்ததும் என் கண் சுருங்கியது. சாதி எனக்குள் பெண்ணியத்தின் குரலில் பேசிற்று.

யார் நல்லவர் என்று முடிவுசெய்கிற இடத்துக்கு நான் எப்படி வந்தேன் என்று யோசித்தால் அது இன்னொரு கதை. அந்தப் பையனின் படிப்புச் செலவு என் தயவில் இருக்கவேண்டிய அவசியமே கிடையாது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-லிருந்து இருக்கிறது. அம்பேத்கர் இளைஞராக இருந்தபோது பரோடா மன்னர் தயவில்தான் படித்தார். 1913-ல் கொலம்பியாவுக்கு அவரை அனுப்பிய பணத்துக்கு ஈடாகப் பத்தாண்டு சமஸ்தானத்தில் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்தார். 1917-ல் பரோடாவுக்கு வேலைக்குப் போனவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை; பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். அந்த மனிதர் 1942-ல் வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கு அரசே பணம் ஒதுக்கவேண்டும் என்று மனுக் கொடுத்தார். மன்னரின் தயவு என்றால் என்ன என்று தெரிந்தவர் கேட்டது அது.

அந்த உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும், வருமானச் சான்றிதழ் வேண்டும். முடியின் நிறம் வேண்டாம். வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம், அதாவது மாதத்துக்கு 21,000-க்கும் குறைவு. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கப் போனால் தாண்டிவிடலாம். வீட்டிலிருந்து பி.ஏ. படிக்க வருகிற மாணவருக்குக் கட்டணம் போகக் கிடைப்பது ஆண்டுக்கு 3,000. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை 60 பங்கு ஒன்றியம், 40 பங்கு மாநிலம் என்று பிரித்தது. ஒன்றியத்தின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகும் என்றும் ஆனது. காகிதத்தில் நல்ல மாற்றம்தான். ஆனால் சுயநிதிப் பிரிவில் கட்டணத்துக்குக் கெடு ஜூலையில் வருகிறது, பணம் அடுத்த ஆண்டு வருகிறது. இடையில் இருக்கும் மாதங்களில் அந்தப் பிள்ளை யாரிடமாவது போய் நிற்கவேண்டும். துறைத்தலைவரிடம், கட்சிக்காரரிடம், வட்டிக்கு விடுகிறவரிடம், என்னிடம். உரிமை தாமதமாகும்போது அது பிச்சையாகத் திரும்பிவிடுகிறது. பிச்சை போடுகிறவர் முகத்தைப் பார்க்கிறார்.

முகம் பார்க்காத கொடையும் உலகத்தில் நடந்திருக்கிறது. அட்லாண்டாவில் மோர்ஹவுஸ் என்று கறுப்பின ஆண்களுக்கான பழைய கல்லூரி ஒன்று உண்டு, மார்ட்டின் லூதர் கிங் படித்தது. 2019 மே மாதப் பட்டமளிப்பு விழாவில் பேச வந்த ராபர்ட் எஃப். ஸ்மித் என்ற கறுப்பினச் செல்வந்தர், அன்று பட்டம் வாங்கிய சுமார் 400 பேரின் கல்விக் கடனையும் தானே அடைப்பதாக அறிவித்தார். கடைசியில் 34 மில்லியன் டாலர் ஆனது. யாருடைய மதிப்பெண்ணையும் நடத்தையையும் கேட்கவில்லை. அந்தக் காணொளியில் அழுகிற பையன்களைப் பார்த்து நானும் அழுதேன். பிறகுதான் 2018-ல் முடித்தவர்களை நினைத்தேன். மோர்ஹவுஸுக்குப் பக்கத்திலேயே கறுப்பினப் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரி இருக்கிறது. அங்கும் கடன் இருந்தது.

இந்தக் கேள்வியை அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் நம்மைவிட முன்பே சண்டையாகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2014 பிப்ரவரியில் ஒபாமா கறுப்பின, லத்தீன் இளைஞர்களுக்காக ‘மை பிரதர்ஸ் கீப்பர்’ திட்டத்தைத் தொடங்கினார். பெண்பிள்ளைகள் எங்கே என்று கேட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த ஜூனில் கடிதம் எழுதினார்கள். கிம்பர்லே கிரென்ஷா முன்னின்றவர்களில் ஒருவர். பையன்களிடமிருந்து பிடுங்கச் சொல்லவில்லை அவர்கள். எங்களையும் சேர் என்றார்கள். 1977-லேயே காம்பஹீ ரிவர் கூட்டமைப்பின் கறுப்பினப் பெண்ணியவாதிகள், இனவெறியை எதிர்க்கக் கறுப்பின ஆண்களோடு நிற்போம், ஆணாதிக்கத்துக்காக அவர்களோடேயே மோதுவோம் என்று அறிவித்திருந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த எனக்கு அது மறந்துபோனது.

இங்கே 2022-ல் புதுமைப் பெண் திட்டம் வந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைப் படிப்புக்கு மாற்றினார்கள். கல்யாணப் பணம் கல்லூரிப் பணமானதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. என் மேசையில் விண்ணப்பம் வைத்த மாணவிக்கு அதில் மாதம் 1,000 வந்துகொண்டிருந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில்தான் வந்தது. அவன் அதற்குள் போய்விட்டான். அந்தத் திட்டம் வந்தபோது, “ஆயிரமும் டாஸ்மாக்குக்குத்தான் போகும்” என்று எங்கள் அறையில் சிரித்தார்கள். சிலர் குடிக்கத்தான் செய்வார்கள். படித்த தலித் ஆண் மனைவியை அடிக்கமாட்டான் என்றெல்லாம் நான் எழுதித் தர முடியாது. அடித்தால் அவனோடு சண்டை போடவேண்டும், அவள் பக்கம் நின்று. ஆனால் நல்லவன் என்று நிரூபித்தபிறகுதான் படிக்கலாம் என்றால், இந்த நாட்டில் என் அண்ணன் உட்பட எத்தனை ஆண்கள் பட்டம் வாங்கியிருப்பார்கள்?

சென்ற ஆண்டு பாகலூர் சாலையில் ஒரு டீக்கடையில் அவனைப் பார்த்தேன். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, முடியில் அதே செம்பட்டை. எழுந்து நின்றான். என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கான்ட்ராக்டுதான் மேடம், ஆறு மாதத்துக்கு ஒருதடவை மாற்றுகிறார்கள் என்றான். அவனோடு படித்தவர்களைப் பற்றி விசாரித்தான். அந்த மாணவி பி.எட். சேர்ந்திருப்பதைச் சொன்னதும், “நல்லா படிக்கும் மேடம் அது” என்றான். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். படிப்பை விட்டு ஏழெட்டு மாதம் கழித்து அவன் கணக்கில் உதவித்தொகை வந்து ஏறியிருக்கிறது. வந்ததை அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்துவிட்டான்.

“அதத் திருப்பிக் கட்டணுங்களா மேடம்?”

நீ உட்கார்ந்து படித்த பருவத்துக்கு வந்த பணம் அது, யாருக்கும் திருப்பித் தரவேண்டாம் என்றேன். அவன் தலையாட்டினான். டீக்கு நான் பர்ஸைத் திறப்பதற்குள் அவன் காசு கொடுத்துவிட்டான்.