யார் நினைத்தது?

என் மடிக்கணினியில் 'ஜனவரி 1' என்ற பெயரில் ஓர் எக்செல் கோப்பு இருக்கிறது. மொத்தம் 43 வரிகள். முதல் வரி: 'தெருவில் இடம் பிடிக்க, 31ஆம் தேதி நண்பகல்.' கடைசி வரி: 'இரவுக்கு ரசம், அப்பளம் போதும்.' நடுவில் ரயில் நேரம், கழிப்பறை இருக்கும் இடங்கள், போர்வை, இஞ்சி காபிக்கு இரண்டு ஃபிளாஸ்க், மகனின் ஆஸ்துமா இன்ஹேலர், அத்தைக்கு வலது ஓர நாற்காலி, ஸ்டேடியத்துக்குள் கொண்டுபோகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பை (வேறு பையை உள்ளே விட மாட்டார்கள்) என்று போகும். 2024 புத்தாண்டு அன்று எங்கள் வீடு எப்படி நடக்க வேண்டும் என்று நான் மூன்று வாரம் யோசித்ததன் மிச்சம் அது.

நாங்கள் இருப்பது லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே, மன்ரோவியாவில். பக்கத்து ஊர் பாசடீனா. அங்கே 1890இலிருந்து புத்தாண்டு தோறும் ரோஜா அணிவகுப்பு நடக்கிறது. காலை எட்டு மணிக்குத் தொடங்கி, கொலராடோ சாலை வழியாக ஐந்தரை மைல் போகும். அலங்கார ஊர்திகளின் வெளிப்புறம் முழுவதையும் பூ, இலை, விதை, மரப்பட்டை என்று செடிகொடியில் விளைந்ததால் மட்டுமே மூட வேண்டும் என்பது விதி. பிற்பகலில், ஊருக்கு மேற்கே பள்ளத்தில் இருக்கும் ரோஸ் பௌல் ஸ்டேடியத்தில் கல்லூரிக் கால்பந்து. கால்பந்து என்றால் நாம் நினைப்பதல்ல. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, ஒருவர்மேல் ஒருவர் விழும் அமெரிக்க ஆட்டம். அந்த வருடம் மிச்சிகனும் அலபாமாவும் மோதின. என் மகள் மிச்சிகனில் படிக்கிறாள். மதுரையிலிருந்து அத்தை வந்திருந்தார். இதைவிட நல்ல நாள் அமையாது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அமையவில்லை, அமைத்தேன். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் என் கேள்வி இருக்கிறது.

அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 35 தம்பதிகளிடம் பேசி, வீட்டு வேலைக்குப் பின்னால் இருக்கும் மூளை வேலையை நான்காகப் பிரித்தார். என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவு நடக்கிறதா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும் இடத்தில் ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய சேர்ந்தே இருக்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கடைசியில் கண்காணிப்பதும்தான் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகின்றன. படித்தபோது சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் "ரயில்ல போலாமா, கார்ல போலாமா?" என்று கணவரிடம் கேட்டேன். "ரயில்தான் நல்லது" என்றார். முடிவு அவருடையது. அணிவகுப்பு முடிந்து திரும்பும்போது எந்த நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது, அத்தையின் முழங்கால் எத்தனை படி தாங்கும் என்பதெல்லாம் அவர் நல்லது என்று சொல்வதற்கு முன்பே நான் பார்த்து வைத்தது.

வெளியுலகில் இதே வேலைக்கு என்ன மரியாதை தெரியுமா? ரோஜா விழாவை 900க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வருடம் முழுக்கத் திட்டமிடுகிறார்கள். அன்று அவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடையில் வருவார்கள். ஊரே அடையாளம் காணும். 1893இல் ஒரு முடிவெடுத்தார்கள்: ஜனவரி 1 ஞாயிறாக வந்தால் விழாவைத் திங்களுக்குத் தள்ளிவிடுவது. தேவாலய வாசலில் கட்டியிருக்கும் குதிரைகள் கூட்டத்தைக் கண்டு மிரண்டு வழிபாட்டைக் கெடுத்துவிடும் என்பது காரணம். அந்த விதி இன்றும் இருக்கிறது, குதிரைகள்தான் இல்லை. யாரோ ஒருவர் குதிரைகளை நினைத்துப் பார்த்திருக்கிறார். நூற்றாண்டு தாண்டியும் வரலாறு அதைச் சொல்கிறது. அன்று காலை அந்தக் குதிரைக்காரர்களின் வீடுகளில் யார் எதை நினைத்துப் பார்த்தார்கள் என்பதற்குப் பதிவு கிடையாது.

இந்த விழாவில் பெண்கள் இல்லாமல் இல்லை. 1905இலிருந்து ரோஜா ராணி உண்டு. இப்போது ராணியும் உடன் ஆறு பேரும் ஊர்தியில் நின்று கையசைத்துக்கொண்டே வருவார்கள். ஆனால் விழாவை நடத்தும் அமைப்புக்கு ஒரு பெண் தலைவராக இருந்தது முதன்முதலாக 2006 அணிவகுப்பில்தான். கண்ணில் பட்ட பெண் முடிவெடுக்கவில்லை. முடிவெடுக்கிற இடம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. கண்ணில் படுவதுகூட எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கவில்லை. பாசடீனா நகராட்சி ஊழியரான ஜோன் வில்லியம்ஸ் 1958 அணிவகுப்புக்கு நகரத்தின் அழகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் அவர் ஏறவேண்டிய ஊர்தியே இல்லாமல் போனது. 2015இல், எண்பது வயதைத் தாண்டியபின், முன்வரிசை ஊர்தி ஒன்றில் அவரை ஏற்றினார்கள்.

அன்றைய நாளுக்கு வருகிறேன். மகளும் அவள் தோழிகளும் முந்தின நாள் மதியமே கொலராடோ சாலை நடைபாதையில் இடம் பிடித்தார்கள். அங்கே விடிய விடியத் தெருவில் படுப்பது ஒரு பெரிய கொண்டாட்டம். கூடாரம் போடக் கூடாது, பாய், போர்வை, நாற்காலி வைத்துக்கொள்ளலாம். இரவு பதினொரு மணிக்குமேல் சாலையில் போட்டிருக்கும் நீலக்கோடு வரை நகர்ந்து உட்காரலாம். போகிற கார்கள்மேல் பிள்ளைகள் டார்ட்டியாவையும் மார்ஷ்மெல்லோவையும் வீசுவார்கள். வீசக் கூடாது என்று சட்டம் உண்டு, வீசுவதும் உண்டு. நான் அவளுக்கும் தோழிகளுக்கும் எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்தேன். "அம்மா, நாங்க ஆறு பேரும் பீட்சா வாங்கிக்கறதா பேசிட்டோம். எங்களுக்கும் சேர்த்து ஏன்மா முடிவு பண்றீங்க?" என்றாள். அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. எல்லோருக்காகவும் நினைப்பவள் எல்லோர்மீதும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறாள். அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது. "அம்மா இல்லேன்னா ஒண்ணும் நடக்காது" என்று மகன் சொல்லும்போது உள்ளே ஒரு குளிர்ச்சி. இதை மறைத்துவிட்டு என் சுமையைப் பற்றி மட்டும் எழுதினால் அது பொய்யான கட்டுரை.

அணிவகுப்பு எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. வாத்தியக் குழுக்கள் வந்தன, குதிரைகள் வந்தன. அத்தை கைதட்டினார். நான் ஒன்பதரைக்கு எழுந்துபோய்க் கழிப்பறை வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். (பொது இடங்களில் பெண்களுக்குப் போதுமான கழிப்பறை வேண்டும் என்று 1987இல் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. ஒரு செனட்டரின் மனைவியும் மகளும் கச்சேரி ஒன்றில் வெகுநேரம் வரிசையில் நின்றதுதான் தூண்டுதலாம். வரிசையில் நின்ற பெண்களுக்கு அதற்கு முன்பே விஷயம் தெரியும்.)

பத்தரைக்குக் கூட்டம் கலைந்தது. கணவர், மகள், மகன் மூவரும் ஸ்டேடியம் போகும் பேருந்துக்கு நடந்தார்கள். நான் அத்தையை அழைத்துக்கொண்டு ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். ஆட்டத்துக்கு மூன்று டிக்கெட்தான் வாங்கியிருந்தேன். நான்காவது வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. நீ வர வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடியது. 1999இல் இதே மைதானத்தில் பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம் நடந்ததையும், 90,185 பேர் வந்து பார்த்ததையும் அத்தைக்குச் சொன்னேன். "பொண்ணுங்க ஆடினதையா? அவ்வளவு பேரா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "டிக்கெட் நீதான வாங்கின? பின்ன உனக்கு ஏன் வாங்கல?" என்றார்.

"உங்களைத் தனியா விட முடியுமா அத்தை?"

"என்னைச் சொல்லாத. நான் கேட்டேனா உன்னய?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர்தான் தொடர்ந்தார். "எங்க வீடு கோரிப்பாளையம் பக்கம். ஆத்துக்கு நடந்து போற தூரம். முப்பது வருஷம் அங்க இருந்தோம். அழகர் ஆத்துல இறங்குறத நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல. ஊர்லருந்து இருபது பேரு வந்து எறங்கிருவாங்க. விடியக்காலம் எல்லாரும் கெளம்பிப் போவாங்க. திரும்பி வரும்போது இட்லி சூடா இருக்கணும்ல? ஒருத்தரும் என்னய வீட்டுல இருன்னு சொல்லல. நானா இருந்துக்கிட்டேன். பெறகு அதுவே வழக்கமாயிருச்சு."

ஐரிஸ் மர்டாக் 1970இல் வெளிவந்த 'தி சாவரின்ட்டி ஆஃப் குட்' என்ற நூலில் ஒரு மாமியார் கதையைச் சொல்கிறார். மருமகள் நாகரிகமில்லாதவள், மகனுக்கு ஏற்றவள் இல்லை என்று அந்த மாமியார் நினைக்கிறார். வெளியில் எதையும் காட்டிக்கொள்வதில்லை. பிறகு, நான் பழைமைப் பிடிப்பிலும் பொறாமையிலும் பார்க்கிறேனோ, மறுபடி பார்ப்போம் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். மெல்ல மெல்ல, அதே பெண் கள்ளமில்லாதவளாக, உற்சாகமானவளாகத் தெரிகிறாள். வெளியே ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் அறம் சார்ந்த ஒரு செயல் நடந்திருக்கிறது என்கிறார் மர்டாக். ஒருவரைக் கவனித்துப் பார்ப்பதே அந்தச் செயல். கல்லூரியில் இதைப் படித்தபோது மேல்நாட்டு மாமியார்கள் இவ்வளவு நல்லவர்களா என்று தோழிகளோடு கேலி செய்திருக்கிறேன். அன்று மாலை என் வீட்டில், நான்கு பேர் இருக்கும் குடும்பத்தில், விருந்தாளியாக வந்த ஐந்தாவது மனிதர்தான் மூன்று டிக்கெட்டை எண்ணியிருந்தார்.

கணவர் கெட்டவர் இல்லை. "சொன்னா செய்யப்போறேன்" என்பார். சொன்னால் செய்யவும் செய்வார். ஆனால் வேலையைத்தான் பகிர்ந்துகொடுக்க முடிகிறது, கவனத்தை எப்படிக் கொடுப்பது? கவனிக்கச் சொல்வதற்குள் நானே கவனித்து முடித்துவிடுகிறேனே. தெரியாமல் நடந்ததற்குப் பழி உண்டா என்பது பழைய கேள்வி. தெரிந்துகொள்ள முடிந்ததைத் தன் அசட்டையால் தெரிந்துகொள்ளாதவனுக்குப் பொறுப்பு உண்டு என்றார் அரிஸ்டாட்டில். அந்தக் கணக்கில் கணவருக்குத் தப்ப வழியில்லை. ஆனால் அவருடைய அறியாமையை இருபது வருடமாகப் பராமரித்தவள் யார்? எதுவும் தடுக்கிவிடாதபடி, எதுவும் கேட்கவேண்டி வராதபடி ஒரு நாளை வழவழவென்று செய்து கையில் கொடுத்தவள் நான்தான். டிக்கெட்டை விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விட்டுக்கொடுத்ததே தெரியாதவர்கள் அதை எப்படிப் பெற்றிருக்க முடியும்? "வேண்டாம், நீ போ, நான் அம்மாவோட இருக்கேன்" என்று சொல்லும் வாய்ப்பை அவருக்கு நான் கொடுக்கவில்லை. சொல்லியிருக்க மாட்டார் என்ற பயமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு நாள் திட்டமிடுவதை நிறுத்திவிட்டால் தெரிந்துவிடும் என்று தோழி சொன்னாள். 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வேலையை நிறுத்தினார்கள், நாடு நின்றது. நானும் நிறுத்தலாம்தான். ஆனால் நான் நிறுத்தினால் முதலில் விலை கொடுப்பது கணவர் அல்ல, அத்தையின் முழங்கால். மகனுடைய மூச்சு. வீட்டுக்குள் வேலைநிறுத்தம் செய்வதில் இருக்கும் கொடுமை இது. அதற்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

ஆட்டம் 20-20 என்று சமனில் நின்று கூடுதல் நேரத்துக்குப் போனது. கோட்டுக்கு மூன்று கெஜத்தில் அலபாமாவைத் தடுத்து நிறுத்தி, 27-20 என்று மிச்சிகன் ஜெயித்தது. அத்தைக்கு விதி எதுவும் புரியவில்லை; பேத்தி கத்திக்கொண்டிருப்பாள் என்று மட்டும் புரிந்தது. கண் கலங்கினார். மூவரும் தொண்டை கட்டி வீடு திரும்பினார்கள். ரசம் சூடாகத்தான் இருந்தது.

மறுநாள் கணவரிடம் சொன்னேன், எனக்கும் போக ஆசை இருந்தது என்று. "நீ சொல்லவேயில்லையே" என்றார். "நீங்க கேக்கவேயில்லையே" என்றேன். இரண்டுமே உண்மையாக இருந்ததால் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கோப்பைத் திறந்து, 'யார் செய்வது' என்ற பத்திக்குப் பக்கத்தில் 'யார் நினைத்தது' என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன். 41 இடத்தில் என் பெயர். ஒன்றில் மகள் பெயர். இஞ்சி காபிக்கு அத்தை.

கணவர் அருகில் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். இவ்வளவு நேரம் அவர் அதைப் பார்த்து நான் கண்டதில்லை. 17ஆம் வரியில் நின்றார்.

"அம்மாவுக்கு வலது ஓர நாற்காலின்னு போட்டிருக்கியே, அது ஏன்?"

"அத்தைக்கு வலது காது சரியா கேக்காது. அந்த ஓரத்துல உக்காந்தா நாம எல்லாரும் இடது பக்கம் வந்துடுவோம்."

"எப்பலருந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

உள்ளறையில் அத்தை தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்திருந்தார். கணவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.