கதவுக்கு வெளியே நிற்பவர்

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெற்றோருக்குத் தனி அறை வேண்டுமா என்பதை அடுக்குமாடி விளம்பரங்கள் இடப் பிரச்சினையாகவே பேசி முடித்துவிடுகின்றன. மேசையை எங்கே போடலாம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரவேண்டும், வீடியோவில் பின்னால் தெரியும் சுவருக்கு என்ன நிறம் என்பதோடு சரி. சதுர அடிக் கணக்கில் இது தீராது. நம்மேல் உரிமை உள்ள ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே, 'இந்த இரண்டு மணி நேரம் நான் உனக்கு இல்லை' என்று சொல்லலாமா என்ற அறக் கேள்வி இதற்குள் இருக்கிறது. அலுவலகம் ஊரின் இன்னொரு கோடியில் இருந்தவரை இதை யாரும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. தூரமே பதில் சொல்லிவிட்டது. 2020 மார்ச் ஊரடங்கில் கணினி வேலை கூடத்துக்கும் படுக்கையறைக்கும் வந்து சேர்ந்தபின், அதே பதிலை ஒரு கதவு சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கதவு தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் உள்ளே இருப்பவரின் வசதியைக் காட்டி அதை நியாயப்படுத்த முடியாது. வெளியே யார் நிற்கிறார், சம்மதித்து நிற்கிறாரா என்பதைப் பொறுத்தே அது நியாயமாகும்.

நம் முன்னோர் வீட்டில்தானே தொழில் செய்தார்கள், யார் தனி அறை கேட்டார்கள் என்பது வழக்கமாக எழும் மறுப்பு. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் குழித்தறி வீட்டுக்குள்ளேதான் இருந்தது. சமையலும் பிள்ளை வளர்ப்பும் அதைச் சுற்றியே நடந்தன. குடும்பத்தையும் தொழிலையும் பிரித்ததை நவீன முதலாளியத்தின் முக்கியமான அடையாளங்களில் ஒன்றாக மாக்ஸ் வேபர் கண்டார். அப்படிப் பார்த்தால், வீட்டிலிருந்து வேலை என்பது பழைய நிலைக்குத் திரும்புவதுதான் என்று வாதிடலாம். வேலை பழைய இடத்துக்குத் திரும்பியது உண்மை. அதன் தன்மை திரும்பவில்லை. தறியை நிறுத்திவிட்டு அழும் குழந்தையைத் தூக்கலாம், பாவு காத்திருக்கும். மீட்டிங்கில் மறுமுனையில் இருப்பவர் காத்திருக்க மாட்டார். நெசவாளரின் குழந்தைக்கு அப்பா செய்வது கண்ணுக்குத் தெரிந்தது: நாடா ஓடுகிறது, சேலை வளர்கிறது. திரையைப் பார்த்து யாரோடோ பேசும் அம்மாவைக் குழந்தை என்னவென்று விளங்கிக்கொள்ளும்? உடம்பு இங்கே இருக்கிறது, கவனம் பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கிறது. பழைய வீட்டுத் தொழிலை ஒரேயடியாகக் கொண்டாடவும் வேண்டாம். பட்டுத் தறியருகே எத்தனையோ பிள்ளைகளின் பள்ளிக்கூட வயது கரைந்ததும் அதே கலந்து கிடந்த வீட்டில்தான்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு நம் சமய மரபுக்குள்ளிருந்தே வருகிறது. திருநின்றவூரில் பொருள் கிடைக்காத பூசலார் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினார். அதன் குடமுழுக்குக்காக, காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்றளியின் விழாவைத் தள்ளிவைக்கும்படி இறைவனே கனவில் சொன்னார் என்கிறது பெரியபுராணம். கோயிலே மனத்தில் எழும்பும் என்றால், எக்செல் தாளை நிரப்ப அறை எதற்கு? ஆனால் சேக்கிழார் காட்டும் பூசலாரிடம் பொருள்தான் இல்லை. தடைபடாத நேரம் நிறைய இருந்தது. இரவிலும் கண்ணயராமல், நெடுநாள் எடுத்து, அடித்தளம் முதல் சிகரம் வரை அவரால் நினைத்து முடிக்க முடிந்தது. இடையில் வந்து பால் கேட்ட குழந்தை எதுவும் அந்தக் கதையில் இல்லை. கடமையைச் செய்யாமல் இராதே என்று வற்புறுத்தும் கீதைகூட ஆறாம் அத்தியாயத்தில், தியானம் செய்பவர் தனித்திருக்க வேண்டும் என்கிறது. தூய்மையான இடத்தில் மிக உயரமும் மிகத் தாழ்வும் இல்லாத ஆசனம் அமைக்கச் சொல்லி, அதன்மேல் எதை விரிப்பது என்பதுவரை விவரிக்கிறது. மனம் வசப்பட்டவருக்கு எந்த இடமும் சரி. இன்னும் முயன்றுகொண்டிருப்பவருக்கு இடம் வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இரண்டாம் வகை. மாதக் கடைசியில் அதைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம்.

ஆக, தனிமை வேண்டும். அதற்கு விலை கொடுப்பது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. மூடிய கதவுகளிலேயே பெரியது சித்தார்த்தருடையது. பச்சிளம் மகனையும் மனைவியையும் விட்டு அவர் வெளியேறினார். ஆண்டுகள் கழித்துப் புத்தராகக் கபிலவஸ்துவுக்கு வந்தபோது, தந்தையின் சொத்தைக் கேட்டுப் பின்னால் வந்த ராகுலனுக்குத் துறவு அளிக்கப்பட்டது. சித்தார்த்தரின் தந்தை சுத்தோதனர் அப்போதுதான் வாய் திறந்தார். மகன் போன வலி, பிறகு இன்னொரு மகன் நந்தன் போன வலி, இப்போது பேரனும். இனிமேல் பெற்றோரின் அனுமதி இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் துறவு தரவேண்டாம் என்று கேட்டார். புத்தர் அதை ஏற்றுச் சங்கத்துக்கு விதியாகவே ஆக்கினார் என்று விநய பிடகத்தின் மகாவக்கம் பதிவு செய்திருக்கிறது. இந்த நிகழ்ச்சிக்கு நாம் போதிய மதிப்புத் தருவதில்லை என்று தோன்றுகிறது. மகனுடைய தேடல் உயர்ந்ததா என்ற விவாதத்துக்குள் சுத்தோதனர் போகவே இல்லை. பின்னால் விடப்படுகிறவர்களையும் கேட்க வேண்டும் என்பதுதான் அவர் வைத்த கோரிக்கை. ஞானத் தேடலுக்கே இந்த நிபந்தனை உண்டென்றால் காலாண்டு இலக்குக்கு விலக்குக் கிடைக்குமா?

2017 மார்ச்சில் உலகமே பார்த்துச் சிரித்த ஒரு காட்சியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தென்கொரியாவின் பூசான் நகரிலிருந்து பேராசிரியர் ராபர்ட் கெல்லி பிபிசி நேரலையில் அந்நாட்டு அரசியலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தனி அறை, மேசை, பின்சுவரில் உலக வரைபடம் எல்லாம் இருந்தன. கதவைத் திறந்துகொண்டு மகள் ஆட்டமாக நடந்து வந்தாள். பின்னாலேயே நடைவண்டியில் கைக்குழந்தை. மறுகணம் மனைவி பாய்ந்து வந்து இருவரையும் இழுத்துக்கொண்டு போய், தரையோடு தாழ்ந்து கதவைச் சாத்தினார். பார்த்தவர்களில் பலர் அவரை வேலைக்கு வைத்த ஆயா என்றே எடுத்துக்கொண்டது தனியே ஒரு சர்ச்சை. ஆனால் அந்தக் காட்சி காட்டிக்கொடுத்தது வேறொன்று. அறையைக் காத்துவந்தது கதவும் தாழ்ப்பாளும் மட்டும் அல்ல, அவரும்தான். 1929-ல் வெளிவந்த நூலில் வர்ஜீனியா வுல்ஃப், எழுத விரும்பும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் பூட்டுள்ள தனி அறையும் வேண்டும் என்றார். அந்த வாதத்தை இன்றும் யாரும் சாய்க்கவில்லை. ஆனால் வுல்ஃபுக்குக் குழந்தைகள் இல்லை, வீட்டில் வேலைக்காரர்கள் இருந்தார்கள். பூட்டிய அறைக்கு வெளியே குழந்தையோடு யார் இருப்பது என்பது அவருடைய கேள்வியாக இருக்கவில்லை. நம்முடைய கேள்வி அதுதான். 2019-ல் எடுக்கப்பட்ட இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடம். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒரே ஓர் அறை மிச்சமிருந்தால், அது பெரும்பாலும் யாருக்குப் போகும் என்று இந்தக் கணக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

என் கணக்கில் அது எதிர்ப்பக்கம் போக வேண்டும். வீடு யாரை அதிகம் கூப்பிடுகிறதோ அவருக்குத்தான் கதவு முதலில் தேவை. கூடுதலாகச் சம்பாதிப்பவருடைய வேலை கெட்டால் குடும்பமே பாதிக்கப்படுமே என்பார்கள். நியாயமாகத்தான் ஒலிக்கிறது, ஆனால் இது செக்கு மாடு போலச் சுற்றும் வாதம்: இடையூறு அதிகம் என்பதால் வேலையில் பின்தங்குகிறார், பின்தங்கியதால் சம்பளம் குறைகிறது, சம்பளம் குறைவு என்பதால் அறை கிடைப்பதில்லை. இன்னொரு தரப்பு, வீட்டுக்குள் எழுப்பிய எல்லைகள் நம் ஊரில் என்ன செய்தன என்று நினைவூட்டும். ஆண்களுக்குத் திண்ணை, பெண்களுக்கு அடுக்களை, தீட்டு நாட்களில் பின்கட்டு. எல்லைகளைச் சந்தேகிக்க இதுவே போதுமான காரணம். அதனால்தான் அறை ஒருவர் பெயரில் நிலைத்துவிடக் கூடாது என்கிறேன். காலையில் ஒருவர், மாலையில் மற்றவர் என்று மாறும் கதவுக்கும், சாதியும் பாலும் பார்த்து நிரந்தரமாக மூடிய கதவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரிது.

குழந்தையின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அப்பா அம்மா கண்ணெதிரே இருப்பதே குழந்தைக்கு நிம்மதி, கதவைச் சாத்துவது கொடுமை என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். கைக்குழந்தை விஷயத்தில் அது பெரும்பாலும் சரி. அந்த வயதில் பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லாமல் எந்த அறையும் உதவாது. பேச்சு வந்த பிள்ளைக்கு அது பொருந்தவில்லை. மியூட் போட்டுவிட்டு அரைக் காதால் கேட்டு, 'ம், ம்' என்று தலையாட்டும் பெற்றோரிடம் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு சிறிய பொய். கேட்பதுபோல் இருக்கிறார், கேட்கவில்லை. மூடிய கதவு அந்தப் பொய்யைச் சொல்வதில்லை. 'ஐந்து மணிக்கு வருவேன்' என்று சொல்லி ஐந்து மணிக்குத் திறந்தால், காத்திருப்பதை மட்டுமின்றிச் சொன்ன சொல்லை நம்பலாம் என்பதையும் பிள்ளை கற்கிறது. ஐந்தே காலுக்கும் திறக்காவிட்டால் வேறெதையோ கற்கும்.

இதெல்லாம் அறை இருக்கிறவர்களுக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 37 விழுக்காடு ஒற்றை அறையில் வாழ்ந்தன. அங்கே கதவைப் பற்றிப் பேசுவது கேலியாகிவிடக்கூடும். ஆனால் எல்லை வகுக்கச் சுவர் அவசியமில்லை என்பது நம் வீடுகளுக்குத் தெரியாததல்ல. பூஜை அறைக்கு இடமில்லாத வீட்டில் சமையலறை அலமாரியின் ஒரு தட்டு சாமிக்குப் போகும். விளக்கேற்றும் நேரத்தில் அந்தத் தட்டை எல்லாரும் மதிப்பார்கள். ஒரு மூலை, ஒரு நேரம், அதை மதிக்கும் குடும்பம் என்ற மூன்றும் இருந்தால் பாதி அறை கிடைத்த மாதிரி. மீதிப் பாதியை வேலை கொடுப்பவர் தரவேண்டும். நம் வீட்டின் ஒரு பகுதியில் வாடகை இல்லாமல் குடியிருக்கும் நிறுவனம், இரவு ஒன்பது மணிக்குக் கால் போடாமலாவது இருக்கலாம். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. வேலையின் தன்மை இடம்கொடுத்தால், மகப்பேறு விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்தே பணிசெய்யப் பெண்ணை அனுமதிக்கலாம் என்றும் சொன்னது. அப்படி அவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது, அலுவலகக் காப்பகம் அலுவலகத்திலேயே இருக்கிறது. குழந்தை அவரோடு வீட்டில் இருக்கிறது. தந்தை வீட்டிலிருந்து பணிசெய்வதைப் பற்றி அந்தத் திருத்தத்தில் ஒரு வரியும் இல்லை.