அழித்து வரையும் அறிவியல்

அணுவைக் கண்ணால் பார்த்து யாரும் வரையவில்லை. 1904இல் தாம்சன் நேர்மின் உருண்டைக்குள் எலக்ட்ரான்களைப் பதித்து ஒரு மாதிரியைச் சொன்னார். தங்கத் தகட்டில் மோதிய ஆல்ஃபா துகள்களில் சில திரும்பி வந்ததற்கு அந்தப் படத்தில் விடை இல்லை. அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த ரூதர்போர்டே 1911இல் அதைக் கலைத்து, நடுவில் அணுக்கருவை வைத்தார். 1913இல் இயற்பியலாளர் போர் அதையும் திருத்தினார். அவரது மாதிரி ஹைட்ரஜனுக்குப் பொருந்தியது. அடுத்திருந்த ஹீலியத்திலேயே தடுமாறியது.

வகுப்பிலோ இவை மூன்றும் பாகம் குறித்து மதிப்பெண் வாங்கும் படங்கள். தெர்மோகோலில் செய்து அலமாரியில் வைப்பதும் (அழகாகத்தான் இருக்கும்) வேறு வேலை. மாதிரி என்பது விளக்க, ஊகிக்க, பொய்த்தால் மாற்ற.

இதைப் பழக, ஊசி போடும் சிரிஞ்சில் அடைபட்ட காற்றைப் புள்ளிகளால் வரையப் பிள்ளைகளிடம் சொல்லலாம். காற்றை அழுத்தினால் சுருங்குகிறது, தண்ணீர் ஏன் மறுக்கிறது? உன் படம் இதற்கு என்ன சொல்கிறது? இப்படிக் கேட்டால் பிள்ளைகளின் கை தானாக ரப்பரைத் தேடும். அதற்கு நேரம் தர வேண்டும். இரண்டாவது படத்துக்கும் மதிப்பெண் உண்டென்றால் இன்னும் நல்லது.