வாய் திறக்காத குற்றம்

1921 ஆகஸ்ட் 2ஆம் தேதி சிகாகோ நீதிமன்றத்தில் ஜூரிகள் மூன்று மணி நேரத்துக்குள் பேசி முடித்து, ஏழு பேஸ்பால் ஆட்டக்காரர்களை விடுதலை செய்தார்கள். 1919 உலகத் தொடரில் சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு, சின்சினாட்டி ரெட்ஸ் அணியிடம் வேண்டுமென்றே தோற்றார்கள் என்பது சிகாகோ வொயிட் சாக்ஸ் அணியைச் சேர்ந்த அவர்கள் மீதான வழக்கு. ஆட்டத்தை விற்பதே குற்றம் என்று சொல்லும் சட்டம் அன்று இல்லினாய் மாநிலத்தில் இல்லை. மோசடிச் சதி என்ற பிரிவின்கீழ்தான் வழக்கு நடந்தது. விடுதலையான மறுநாளே பேஸ்பால் கமிஷனர் கெனசா மவுண்டன் லாண்டிஸ் ஓர் அறிக்கை விட்டார். ஜூரி என்ன சொல்லியிருந்தாலும் சரி, இந்த ஏழு பேரும், விசாரணைக்கு வராத எட்டாமவரும் இனி ஒருநாளும் தொழில்முறைப் பேஸ்பால் ஆட முடியாது என்றார்.

அறிக்கை மூன்று விதமான ஆட்களைக் குறிப்பிட்டது: ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவர், விட்டுக்கொடுப்பதாக வாக்களித்தவர், அந்தப் பேச்சு நடந்த இடத்தில் உட்கார்ந்திருந்தும் தன் அணிக்கு உடனே தெரிவிக்காதவர். மூன்றாவது வரி பக் வீவர் என்ற மூன்றாம் பேஸ் ஆட்டக்காரரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. வீவர் சதிப் பேச்சைக் கேட்டிருந்தார். பணம் வாங்கவில்லை. தொடரின் எட்டு ஆட்டங்களில் 11 ஹிட் அடித்தார், சராசரி .324, களத்தடுப்பில் ஒரு பிழைகூட இல்லை. பத்துக்கு மூன்று முறை அடித்தாலே கெட்டிக்காரர் என்று கொண்டாடும் விளையாட்டில் இது முழு மூச்சாக ஆடியவரின் கணக்கு. ஆனாலும் சதியைத் தொடங்கிவைத்த சிக் காண்டிலுக்கும், 10,000 டாலர் வாங்கிய பந்துவீச்சாளர் எடி சிகாட்டுக்கும், ஒன்றும் வாங்காத வீவருக்கும் ஒரே தண்டனைதான்.

வீவர் நிரபராதி என்று சொல்லிவிடுவது எளிது, பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் டிக்கி கெர் என்ற பெயரை நினைவில் கொண்டால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. அதே அணியில் அந்த ஆண்டுதான் சேர்ந்திருந்த இடக்கைப் பந்துவீச்சாளர் அவர். சதி எதிலும் சேராமல், பின்னால் நின்றவர்களில் சிலர் விலைபோனவர்கள் என்ற நிலையிலும் இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்தார். வீவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கெர்ரின் உழைப்பு ஏமாற்றுத் தொடர் ஒன்றுக்குள் புதைந்திருக்காது. காசு கொடுத்து உள்ளே வந்த கூட்டமும் ஏமாந்திருக்காது. தான் மட்டும் யோக்கியமாக ஆடினால் போதும் என்று நினைப்பவர், சுற்றி நடக்கும் மோசடிக்கு நல்ல முகம் ஒன்றை இலவசமாகக் கொடுக்கிறார். வீவரின் ஒவ்வொரு ஹிட்டும் அந்தத் தொடர் உண்மையானதுபோல் காட்டத்தான் உதவியது.

ஆகவே மௌனத்தைக் குற்றமென்று வைத்ததில் லாண்டிஸ் தவறவில்லை. அந்த விதி இன்று கிரிக்கெட்டிலும் இருக்கிறது. வங்கதேசத்தின் ஷகிப் அல் ஹசன் சூதாட்டத் தரகர் தன்னை அணுகியதை அதிகாரிகளிடம் சொல்லவில்லை என்பதற்காக 2019 அக்டோபரில் தடை செய்யப்பட்டார். சொல்லாமல் விட்ட அணுகல்களில் ஒன்று 2018 ஐபிஎல் ஆட்டம் சம்பந்தப்பட்டது. ஷகிப் பணம் வாங்கவில்லை, ஆட்டத்தையும் விற்கவில்லை. தடை இரண்டு ஆண்டு, அதில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டது. விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது. வீவருக்குக் கிடைக்காதவை இவைதான். விதி அவர் செய்கைக்கு இரண்டாண்டு பின்னால் வந்தது, அளவு பார்க்காத தண்டனையோடு, மேல்முறையீடு என்ற ஒன்றே இல்லாமல்.

இந்த இடத்தில் நீதிபதியாக இருந்த லாண்டிஸையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட தரப்பில் மருத்துவராகப் பணியாற்றிய தந்தை, தான் காயம்பட்ட ஜார்ஜியா மலையின் பெயரையே 1866இல் பிறந்த மகனுக்கு வைத்தார், அதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு. மகன் சிகாகோவில் கூட்டாட்சி நீதிபதியானார். 1907இல் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனிக்கு 2 கோடியே 92 லட்சத்து 40 ஆயிரம் டாலர் அபராதம் விதித்து நாடெங்கும் பேர் வாங்கினார். மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, ஒரு காசும் வசூலாகவில்லை. பேஸ்பால் முதலாளிகளுக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. போட்டியாகக் கிளம்பிய ஃபெடரல் லீக் தொடுத்த ஏகபோக எதிர்ப்பு வழக்கை 1915 முழுவதும் தீர்ப்புச் சொல்லாமல் வைத்திருந்தார். இருதரப்பும் சமரசத்துக்கு வரும்வரை காத்திருந்தார், பழைய லீகுகள் பிழைத்தன.

1920 நவம்பரில் ஆண்டுக்கு 50,000 டாலர் சம்பளத்தில் கமிஷனர் பதவி வந்தபோது, நீதிபதி பதவியையும் விடவில்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் கண்டித்தது, காங்கிரஸில் பதவி நீக்கப் பேச்சு எழுந்தது, அதன்பின் 1922இல்தான் நீதிமன்றத்தை விட்டார். முன்பு விளையாட்டை ஆண்ட மூவர் குழுவின் தலைவர் சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் தலைவராகவும் இருந்தார் என்பதை நினைத்தால், வெளியாள் ஒருவர் வந்தது முன்னேற்றம்தான். முதலாளிகள் தாங்களே கோர்ட்டுக்குப் போவதில்லை என்று எழுதிக் கொடுக்கும் அளவுக்கு அதிகாரம் கேட்டு வாங்கினார். ஆனாலும் சம்பளம் கொடுத்தவர்கள் அந்த 16 அணிகளின் முதலாளிகள். அவர்களைத் தொடவே மாட்டார் என்று சொன்னால் அது நியாயமாகாது: சொந்த அணி மீது பந்தயம் கட்டிய பிலடெல்பியா உரிமையாளர் வில்லியம் காக்ஸை 1943இல் நிரந்தரமாக விரட்டினார்.

ஆனால் வொயிட் சாக்ஸ் முதலாளி சார்லஸ் கோமிஸ்கி? தொடரின் முதல் ஆட்டங்கள் முடிந்தவுடனேயே அவர் காதுக்குச் சந்தேகம் எட்டியிருந்தது. லீக் தலைவர் ஒருவரிடம் போய்ச் சொன்னார், துப்பறிவாளர்களை அனுப்பினார், பிறகு அடுத்த ஆண்டு சந்தேகத்துக்குரியவர்களில் பெரும்பாலோரை மீண்டும் களமிறக்கினார். சொல்ல வேண்டிய இடம் அணி நிர்வாகம் என்று விதி சொல்கிறது, அந்த நிர்வாகமே தெரிந்துகொண்டு காத்திருந்தால் யாரிடம் சொல்வது? கோமிஸ்கிக்குக் கமிஷனரிடமிருந்து தண்டனை எதுவும் வரவில்லை. நட்சத்திர ஆட்டக்காரர்கள் டை காப், டிரிஸ் ஸ்பீக்கர் இருவர் மீதும் 1919இல் ஓர் ஆட்டத்தை ஏற்பாடு செய்ததாகப் பழைய சக ஆட்டக்காரர் புகார் கிளப்பினார். நேரில் வந்து சாட்சி சொல்ல அவர் மறுத்தபோது, 1927 ஜனவரியில் லாண்டிஸ் இருவரையும் விடுவித்தார். குற்றம் சாட்டுபவர் முகம் காட்ட வேண்டும் என்ற நிதானம் நல்லதுதான். அதே ஆண்டு வீவர் தடையை நீக்கக் கோரி மறுபடியும் விண்ணப்பித்தார், கதவு திறக்கவில்லை.

லாண்டிஸின் விதியை எங்கும் வளையாமல் பிடித்துப் பார்த்தால் அது கடைசியில் அவரிடமே வந்து நிற்கிறது. அவர் பதவியிலிருந்த 24 ஆண்டுகளும் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூட மேஜர் லீகில் ஆடவில்லை. எழுத்தில் எந்தத் தடையும் கிடையாது. 1942இல் இதைப் பற்றி வெளிப்படையாகக் கேள்வி எழுந்தபோது அதைத்தான் சொன்னார்: கறுப்பர்களைச் சேர்க்கக்கூடாது என்று விதி ஏதுமில்லை, அணிகள் விரும்பினால் சேர்க்கலாம். 1943 டிசம்பரில் முதலாளிகள் கூட்டத்தில் பாடகர் பால் ராப்சன் வந்து பேசவும் இடம் தரப்பட்டது. பேச்சு முடிந்தது, எதுவும் மாறவில்லை. விதி இல்லை என்றால் 16 அணிகளும் எப்படி ஒரே மாதிரி நடந்துகொண்டன என்று அவர் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நீதிமன்றத்தில் ஏகபோக எதிர்ப்பு வழக்கைக் கையாண்டவருக்கு, எழுதாத உடன்பாடு எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருந்திருக்காது.

நிறத்தடையை அவர் தீவிரமாகக் காத்தாரா, வெறுமனே சும்மா இருந்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இந்தக் கட்டுரைக்கு அந்த வழக்கு முடிய வேண்டியதில்லை. சும்மா இருந்தார் என்று வைத்துக்கொண்டாலே போதும், அதுதான் வீவர் செய்ததும். ஒரே வித்தியாசம், வீவருக்குச் சொல்வதற்கு ஒரு முதலாளி மட்டும் இருந்தார், நம்பிக்கை வைக்க முடியாத முதலாளி. லாண்டிஸ் வாய் திறந்தால் அடக்க யாருமில்லை. அவர் 1944 நவம்பரில் இறந்தார், அடுத்த மாதமே புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். பதினோரு மாதத்தில் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனின் ஒப்பந்தம் வெளியானது. புதிய கமிஷனர் ஹாப்பி சாண்ட்லர் குறுக்கே நிற்கவில்லை, 1947 ஏப்ரல் 15இல் ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கினார். 2020இல் பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் சிறந்த ஆட்டக்காரர் விருதுப் பட்டயத்திலிருந்து லாண்டிஸின் பெயரை எடுத்தது.

வீவர் 1956 ஜனவரியில் சிகாகோவில் காலமானார், கடைசிவரை மனுப் போட்டுக்கொண்டிருந்தார். 2025 மே மாதம் கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட், நிரந்தரத் தடை பெற்றவர் இறந்துவிட்டால் அந்தத் தடையும் முடிவுக்கு வரும் என்று அறிவித்தார். தடை பெற்றிருந்த இன்னொரு ஆட்டக்காரர் பீட் ரோஸுடன் சேர்த்து 1919இன் எட்டுப் பேரும் தடைப் பட்டியலிலிருந்து நீங்கினார்கள். இறந்தவரால் விளையாட்டுக்குக் கேடு வராது என்பது சொல்லப்பட்ட காரணம். இந்தக் காரணத்தின் வசதி என்னவென்றால், யார் எவ்வளவு தவறு செய்தார் என்று பார்க்கவே தேவையில்லை. லாண்டிஸ் எட்டுப் பேரையும் ஒரே வாக்கியத்தில் கட்டினார், மேன்ஃப்ரெட் ஒரே வாக்கியத்தில் அவிழ்த்தார். காண்டிலையும் வீவரையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்கும் தீர்ப்பை இன்னும் யாரும் எழுதவில்லை. அதை எழுதும் அதிகாரம் கமிஷனர் அலுவலகத்திடம் இன்றும் இருக்கிறது.