கேட்டுவிட்டா நட்டார்கள்?

2023ஆம் ஆண்டு நான் உயர்தர வகுப்பில் இருந்தேன். பாடசாலை விவாதப் போட்டியில் எங்கள் அணிக்கு விழுந்த தலைப்பு, 'மன்னார்க் காற்று நாட்டின் சொத்து'. ஆதரித்துப் பேச வேண்டும். ஒரு வாரம் இருந்து குறிப்பெடுத்தேன். 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலை, அதன் 30 கோபுரங்கள், 103.5 மெகாவோட், 2030க்குள் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து எடுப்பது என்ற இலக்கு என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து பேசினேன். வெற்றி எங்களுக்குத்தான்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னபோது அப்பா முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். கால் பெருவிரலில் மாட்டியிருந்த நூலை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு பிள்ளை. நடுறதுக்கு முந்தி எங்கள யாரும் கேட்டாங்களா?" என்றார்.

என் குறிப்புகளில் அதற்குப் பதில் இல்லை. யாழ்ப்பாணத்தில் புவியியல் படிக்கும் இன்றைக்கும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. படிக்கிற பிள்ளை எல்லா விஷயத்திலும் ஒரு கருத்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். சரியான கருத்து எது என்பதற்கு முன்னால், யாரைக் கேட்டு அந்தக் கருத்துக்கு வந்தேன் என்பதைப் பார்க்கப் பழகியது அப்பாவின் அந்த ஒரு வரியால்தான்.

காற்றாலைக்கு நான் எதிரி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தது. தள்ளிப்போன சாதாரணதரப் பரீட்சை மே மாதம் வந்தது. நான் படித்தது சிமினி விளக்கில். காலையில் முகம் கழுவினால் மூக்குக்குள்ளிருந்து கரி வரும். அந்த விளக்குக்கு ஊற்றிய எண்ணெய், அப்பா வரிசையில் நின்று படகு எஞ்சினுக்கு வாங்கிய மண்ணெண்ணெயில் பிடித்து வைத்தது. ஒரு சோடாப் போத்தலில் எடுத்து, "இது படிக்கிறதுக்கு" என்று குசினி மூலையில் தனியாக வைப்பார். அந்தப் போத்தல் அளவுக்குக் கடலில் அவர் போகும் தூரம் குறைந்தது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது பல வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. ஆகவே மின்சாரம் கொழும்புக்காரரின் தேவை, நமக்கென்ன என்று என்னால் சொல்ல முடியாது.

காற்றும் எங்களுக்குப் புதிது இல்லை. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்துப் பழகிய சனம் நாங்கள். மே பிறந்தால் சோளகம் தென்கடலைக் கொதிக்க வைக்கும். தொழிலுக்குப் போகிறவர்கள் வடகடல் பக்கம் மாறுவார்கள், மாற வசதியில்லாதவர்கள் கரையில் இருப்பார்கள். எங்களைக் கரையில் உட்கார வைக்கும் அதே காற்றில்தான் அந்தக் கோபுரங்களின் இறக்கைகள் நன்றாகச் சுற்றுகின்றன. ஒவ்வொரு இறக்கையும் 60 மீற்றருக்கு மேல் நீளம். எங்கள் நெடிய பனைகளுக்கெல்லாம் மேலே அது சுற்றும்.

ஊரில் பேச்சு முழுவதும் இறக்கையைப் பற்றியது இல்லை. தண்ணீரைப் பற்றியது. மன்னார்த் தீவு கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர்தான் உயரம், ஏறக்குறையத் தட்டை. மழைத்தண்ணீர் பழைய பள்ளங்கள் வழியே கடலுக்கு நகரும், மிச்சம் மணலுக்குள் இறங்கும். இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு முழம் உயர்த்திப் போட்ட கிரவல் பாதை ஓர் அணைக்கட்டு மாதிரி. கடந்த சில மாரிகளில் எங்கள் வளவுக்குள் வந்த தண்ணீர் சீக்கிரம் போகவில்லை. மலசலகூடக் குழி நிரம்பி, அந்தத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றாயின. அம்மம்மா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் பார்த்தபடி செபமாலை சொல்வார். தண்ணீர் வற்றிய பிறகும் அந்தக் கோடு சுண்ணாம்பில் பழுப்பாக நின்றது.

இதற்குக் காற்றாலைப் பாதைகள்தான் காரணமா? ஊரில் பலர் ஆம் என்கிறார்கள். வீதிகள், மூடிப்போன வாய்க்கால்கள், பள்ளத்தில் கட்டிய வீடுகள் என்று வேறு காரணங்களைச் சொல்கிறவர்களும் உண்டு. என் கையில் அளவெடுத்த ஆதாரம் கிடையாது. ஆனால் நிரூபிக்கும் பொறுப்பை இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவன் தலையில் போடுவது அநியாயம் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். மண்ணைத் தோண்டிக் கொங்கிரீட் கொட்டுகிறவர்தான், தண்ணீர் எந்த வழியால் போகும் என்று முன்கூட்டியே காட்ட வேண்டும்.

மணல் அகழ்வு விஷயத்தில் எனக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. இல்மனைற் தேடி வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தீவில் துளையிட்டுப் பார்த்திருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு உலகத்தின் பெயின்றுக்கும் பற்பசைக்கும் வெண்மை தரும். எங்களுக்கோ அந்த மணல்தான் தண்ணீர்த் தொட்டி. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்பதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். காற்று அடுத்த ஆண்டும் வரும், எடுத்துப்போன மணல் வராது. வேண்டாம், அவ்வளவுதான்.

2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் மன்னார், பூநகரிக் காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகியது. ஆறுதலடைந்தோம். ஆனால் 20 மெகாவோட், 50 மெகாவோட் என்று வேறு இரண்டு திட்டங்கள் காத்திருந்தன. ஆகஸ்டில் மன்னார் நகரில் சனம் தெருவில் இறங்கி இரவு பகலாக இருந்தது. 13ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைக்கச் சொன்னார். அதன்பின் அரசு தொடர்வதென்று முடிவெடுத்தது. செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு காற்றாலைப் பாகங்கள் பொலிஸ் பாதுகாப்போடு தீவுக்குள் வந்தபோது, மறித்து நின்றவர்கள் அடிபட்டார்கள். 29ஆம் திகதி மன்னார் முழுதும் கடையடைப்பு.

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது நானும் சில நாட்கள் போராட்டப் பந்தலில் இருந்தேன். சுவாமிமாரும் மௌலவிமாரும் ஒரே பாயில் இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த என் தோழி. ஒரு மத்தியானம் நான் அப்பாவின் கேள்வியை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்ட சாச்சியாக்கள் நுரைச்சோலையில இருக்காங்க தெரியும்தானே. இங்க காத்தாடி வேணாமெண்டா அங்க கரி எரியும். அவங்கள யாரு கேக்கிறது?" என்றாள்.

சுருக்கென்றது. 900 மெகாவோட் நிலக்கரி நிலையம் நுரைச்சோலையில் இருக்கிறது. நிலக்கரித் தூசும் சாம்பலும் பற்றிச் சுற்றியுள்ள ஊர்மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். அங்கே அவளுடைய சாச்சி எப்படிப் போய்ச் சேர்ந்தார்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரையும் வெளியேறச் சொன்னபோது, மன்னார்த் தீவு முஸ்லிம்கள் வள்ளமேறிக் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். புத்தளம், கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை என்று கிடுகுக் கொட்டில்களில் தங்கினார்கள். ஒரு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டது. அனல் நிலையம் பிறகு அந்தக் கரைக்கே வந்தது. ஒரு கடற்கரையிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு அடுத்த கடற்கரையில் கிடைத்தது கரித்தூசு.

அன்றிரவு அம்மம்மாவிடம் கேட்டேன், அந்த ஒக்டோபரில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று. அவர் இதைப் பற்றி எனக்குச் சொன்னதே இல்லை. "கதவச் சாத்திக்கிட்டு உள்ளுக்கு இருந்தம்" என்றார். பிறகு, "அழுதம். ஆனா கதவத் தொறக்கல்ல" என்றார். எதிர்த்துப் பேசப் போனவர்களும் அன்றைக்கு இருந்தார்கள், அது உண்மை. எங்கள் வீடு போகவில்லை. பயம் என்பது எனக்கு விளங்குகிறது. துப்பாக்கி முன்னால் நிற்காத நான் அம்மம்மாவைக் குற்றம் சொல்லவும் மாட்டேன். ஆனால் போர் முடிந்து 2009க்குப் பிறகு முஸ்லிம்கள் திரும்பி வந்து காணிக்கும் துறைக்கும் வரிசையில் நின்றபோது, யாரும் துப்பாக்கி பிடிக்கவில்லை. அப்போதும் எங்களில் எத்தனை பேர் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம்?

தமிழில் 'கேட்பது' என்ற ஒரே சொல்லுக்கு வினவுவது, செவிகொடுப்பது என்று இரண்டு பொருள். இரண்டும் ஒன்று என்றே மொழி நினைத்திருக்கிறது. நாங்கள்தான் பிரித்துவிட்டோம். சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் கருத்துச் சொல்லச் சட்டம் 30 நாள் தருகிறது. பத்திரிகை மூலையில் அறிவித்தல் வரும். விடியப்புறம் கடலுக்குப் போய்ப் பொழுதேறித் திரும்புகிற மனிதன் அதை எங்கே பார்ப்பான்? கெட்ட எண்ணத்தில்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு காரியம் நல்லது என்று உறுதியாக நம்புகிறவருக்கு, எதிரில் இருப்பவர் சொல்வது தாமதமாக மட்டும்தான் தெரிகிறது. விவாத மேடையில் நின்ற எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. சுற்றுச்சூழல் என்று இன்று குரல் கொடுக்கும் எங்களுக்கு நுரைச்சோலை கண்ணில் படாமல் போனதும் அதே உறுதியால்தான்.

இப்போது என் கருத்தைக் கேட்டால் சொல்வேன்: காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு தீவு தாங்கக்கூடிய அளவு என்று ஒன்று உண்டு. அந்த அளவைக் கொழும்பு மட்டும் தீர்மானிக்கக் கூடாது. வங்காலைச் சதுப்பில் வந்து இறங்கும் பூநாரைகளுக்கு வாய் இல்லை, அவற்றின் பறக்கும் வழியை அறிந்தவர்களையும் கூப்பிட வேண்டும். 'வேண்டாம்' என்று ஊர் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்கிற ஊருக்கும் ஒரு கடமை இருக்கிறது. நாம் இறக்கி வைக்கும் சுமையை யார் தூக்கப் போகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தத் தீவில் ஒரு முளைக்கட்டை அடிக்கும் முன், தண்ணீர் போகும் வழிகளைக் காட்டும் படத்தைத் தமிழில் அச்சடித்து, கோயிலிலும் பள்ளிவாசலிலும் மீனவர் சங்கத்திலும் தொங்கவிடுங்கள். கடலுக்குப் போகாத ஒரு நாளில் கூட்டம் வையுங்கள். எங்கள் ஊரவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு நுரைச்சோலையிலிருந்து இரண்டு பேரை நாமே கூப்பிட்டு, முன்வரிசையில் இருத்துவோம்.