வீட்டின் சொந்தக்காரர் யார்?

1898-ஆம் ஆண்டு பெங்களூரைப் பிளேக் நோய் பெருந்துயரில் ஆழ்த்தியது. நெருக்கமான, காற்றோட்டமற்ற குடியிருப்புகளில் எலிகள் பெருகியிருந்தன. அவற்றின் உடலிலிருந்த தெள்ளுப்பூச்சிகள் நோயைப் பரப்பின. அந்தக் கொடிய அனுபவத்தின் விளைவாக கண்டோன்மென்ட் பகுதியில் உருவானதே பிரேசர் டவுன். 1910-இல் தோன்றிய இப்புதிய குடியிருப்பில், எலிகள் நுழைய இயலாதபடியும் காற்று நன்கு உலவும்படியும் வீடுகள் திட்டமிடப்பட்டன.

எலியைச் சுவர் தடுக்கும். கவலையைத் தடுக்கும் சுவர் ஏது? அதே பிரேசர் டவுனில் இன்று முதன்முதலாகச் சொந்த வீடு வாங்கும் குடும்பத்தினர் இதை விரைவில் அறிந்துகொள்கின்றனர். கிரகப்பிரவேசத்தன்று பால் பொங்கிய மகிழ்ச்சி அடங்குவதற்குள் மழை வருகிறது. கூரையில் ஈரம் பரவுகிறது. குழாய் ஒழுகுகிறது, கதவு சரியாகச் சாத்த மறுக்கிறது, கடன் தவணையோ மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கிறது. வாடகை வீட்டிலும் கூரை ஒழுகியதுண்டு. அப்போது வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக உறங்கினார்கள். இப்போது உறக்கம் வருவதில்லை. மழை அதேதான், கசிவும் அதேதான். புதிதாகக் குடிவந்தது 'என்னுடையது' என்ற எண்ணம் ஒன்றே.

பிரேசர் டவுன் உருவாகிவந்த அதே காலத்தில், சென்னையில் சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் வாழ்விலும் இத்தகைய சோதனை எழுந்தது. 1897-இல் சென்னைக்கு வந்த அவர், ஐஸ் ஹவுஸ் கட்டிடத்தில் பல ஆண்டுகள் மடத்தை நடத்தினார். அது ஏலத்திற்கு வந்தபோது அன்பர்கள் கலங்கினர், சுவாமிகள் கலங்கவில்லை. குருதேவருக்கு ஒரு சிறிய அறை இருந்தால் போதும் என்பதே அவரது எண்ணம். 1907 நவம்பரில் மயிலாப்பூரில் மடத்திற்கெனச் சொந்தக் கட்டிடம் அமைந்தது. அது குருதேவர் வாழும் வீடு என்பதால், சுவரில் ஆணி அடித்துக்கூட அதைப் பழுதாக்கலாகாது என்று அவர் கவனமாக இருந்தார்.

ஆயினும் அந்தப் புதிய கட்டிடத்திலும் விரிசல் கண்டது; மழைநீர் கசிந்தது. பூஜையறையில் நீர் ஒழுகிய ஓர் இரவில், குருதேவரின் உறக்கம் கலையலாகாது என்று எண்ணி, அவரது திருவுருவத்திற்குக் குடை பிடித்தபடி அவர் நின்றார் என்பர்.

அன்றும் உறக்கம் போயிற்று. ஆனால் அது கவலையால் போன உறக்கமன்று, சேவையில் கழிந்த இரவு. வீடு 'என்னுடையது' என்றால் ஒழுகும் ஒவ்வொரு துளியும் இழப்பு. வீடு இறைவனுடையது, நான் காப்பாளன் என்றால் அதே துளி தொண்டுக்கு ஒரு வாய்ப்பு.

பணக்கார வீட்டு வேலைக்காரியை உவமையாகக் கூறுவார் ஸ்ரீராமகிருஷ்ணர். எஜமானரின் வீட்டை 'எங்கள் வீடு' என்பாள், வேலைகளைக் குறைவின்றிச் செய்வாள். தன் வீடு தொலைவில் கிராமத்தில் இருப்பதை மட்டும் அவள் உள்ளம் மறவாது. பற்றின்மை என்பது அலட்சியம் அன்று. ஒழுகும் கூரையைப் பழுது பார்க்கவே வேண்டும், தவணையைத் தவறாமல் செலுத்தவே வேண்டும். அவற்றைச் செய்யும் கை நம்முடையதாகவும், வீடு அவருடையதாகவும் இருக்கட்டும்.

எலி புகாத வீட்டை அமைக்க மனிதன் கற்றுக்கொண்டான். 'எனது' என்பது புகாத உள்ளத்தை அமைப்பதே இனி எஞ்சிய பணி. அந்த வீட்டிற்கு இறைவன் தாமே குடிவருவார்.